நுரைக்காரரின் மூக்கு

நுரைக்காரர் என்று அவருக்குப் பெயர் வந்ததற்குக் காரணம், கையை விட்டு இறங்காத அந்தச் சோப்புத் தண்ணீர் டப்பாதான். பெட்ரோல் வண்டிகளைக் கேஸில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். மற்றப் பட்டறைகளில் குழாய் இணைப்பை முறுக்கிவிட்டு, குனிந்து மூக்கால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். வாடை இல்லையென்றால் வண்டி வெளியே போய்விடும். இவரோ ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் நுரையைத் தடவி, ஒரு குமிழாவது எழுகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வண்டிக்கு முகச்சவரம் பண்றாருப்பா" என்று பக்கத்து டயர் கடைக்காரர் கேலி பேசுவார்.

நுரைக்காரருக்கு வாசனையே தெரியாது என்பது அந்த டயர் கடைக்காரருக்குத் தெரியாது. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் போட்டு எடுத்தது. எழுந்தபோது உடம்பு திரும்பியது, மூக்கு திரும்பவில்லை. கேஸ் வேலை செய்கிறவனுக்கு மோப்பம் இல்லை என்று வெளியே தெரிந்தால் யார் வண்டியை நம்பி விடுவார்கள்? மனைவியிடம் மட்டும் சொன்னார். அதுவரை வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்தவள் மறுவாரமே பட்டறைக்கு வரத் தொடங்கினாள். சாமான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று பேர். உண்மையில் அவள்தான் அவருடைய மூக்கு. நுரை பார்த்து முடித்ததும் அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். இல்லை என்று தலையாட்டினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

அந்த ஜீப் மாட்டு டாக்டரம்மாவுடையது. மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கிற தொழுவங்களுக்குப் போய் வைத்தியம் பார்க்கிறவர். மூடிப்போன ஒரு கல் குவாரியிலிருந்து வாங்கியிருந்தார். கதவே கிடையாது. பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும் பழைய மாடல்.

"பெட்ரோலை மொடாக்குடியா குடிக்குது. ஒரு கன்னு பொறக்கிற நேரத்துல நடுவழியில நின்னா நான் என்ன பண்றது? கேஸுக்கு மாத்திக் குடுத்துடுங்க" என்றார்.

மூன்று நாள் வேலை. பின்பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, அதில் கேஸ் டேங்கை உட்கார வைத்தார். செம்புக் குழாயைச் சேஸிஸ் ஓரமாக இழுத்து, கல் அடிபடாத உயரத்தில் கிளிப் போட்டார். ரெகுலேட்டர் உறைந்து போகாமலிருக்க ரேடியேட்டரின் வெந்நீரை அதற்குள் சுற்ற விட்டார். கார்புரேட்டர் தலையில், கேஸையும் காற்றையும் கலக்கும் மிக்சரைப் பொருத்தினார். மூன்றாம் நாள் பிற்பகல் சாவியைத் திருப்பியதும் கிழட்டு இன்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு, சீராக ஓடத் தொடங்கியது. நுரையில் குமிழ் இல்லை. மனைவி சுற்றி வந்து தலையாட்டினாள். இன்ஜினை அணைத்துவிட்டு அவர் இருக்கையில் சாய்ந்தார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் அது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, நசுக்கின பூண்டு மாதிரி, மூக்கின் மேல்கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. கேஸ். பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு வாசனை. அவர் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, இங்க வா. கேஸ் அடிக்குது."

மனைவி ஓடி வந்தாள். இருக்கை, இருக்கையின் அடி, பின்னால் டேங்க் என்று ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"ஒண்ணுமில்லைங்களே."

"நல்லாப் பாரு. கப்புனு அடிக்குது."

"சத்தியமா ஒண்ணும் இல்லை. உங்களுக்கு எப்படி வாசனை..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் ஒரு காலைத் தரையில் வைத்து எழுந்தார். வாசனை நின்றது. மறுபடி உட்கார்ந்தார், வந்தது. எழுந்தால் இல்லை, உட்கார்ந்தால் இருக்கிறது. மறுபடியும் நுரை தடவினார். கசிவு பார்க்கும் கருவியைக் கடன் வாங்கிவந்து இண்டு இடுக்கெல்லாம் நீட்டினார். அது ஊமையாகவே இருந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு, வெற்றுத் தகரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் வந்தது, முன்பைவிடக் கனமாக. தொண்டை வரைக்கும் இறங்கியது.

மனைவி கடைவாசலில் டீ வாங்கிவந்து அவர் முகத்தருகே நீட்டினாள். டீயின் வாசனை தெரியவில்லை. கிரீஸ், பினாயில், தின்னர் எதுவும் தெரியவில்லை. அந்த இருக்கையில், அந்த ஒன்று மட்டும்.

பொழுது சாய்வதற்குள் பட்டறையைச் சாத்த வேண்டும். அன்று அவர் வழக்கமில்லாத மூன்று காரியம் செய்தார். ஜீப்பின் பேட்டரி வயரைக் கழற்றினார். பட்டறைக்கே மெயின் சுவிட்சை அணைத்தார். ஷட்டரை முழுக்க இறக்காமல் தரையிலிருந்து ஒரு சாண் விட்டுப் பூட்டினார்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"தெரியலை. கேக்காத."

மறுநாள் காலை இருவருமாக வந்தார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பூட்டைத் திறந்து அவர் ஷட்டரைத் தூக்க, எப்போதும்போல மனைவி முன்னால் நுழைந்து சுவரில் இருந்த விளக்குச் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. இரண்டாவது தடவை தட்டக் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க." உயர்த்திய கையை இறக்கினாள். "கேஸ் அடிக்குதுங்க."

அவர் மூச்சை இழுத்தார். ஒன்றுமே இல்லை. பதினோரு வருடமாக இருந்த அதே வெறுமை.

அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். டயர் கடைக்காரரைக் கத்திக் கூப்பிட்டு, அடுப்பு, பீடி எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு, டப்பாவோடு தனியாக உள்ளே போனார். கேஸ் டேங்கின் வால்வுக் கழுத்தில் நுரை வைத்ததும், ஒரு குமிழ் மெல்ல உப்பி வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று. பித்தளையில் தலைமுடி அகலத்துக்கு விரிசல், நேற்று நாலு தடவை அவரே நுரை தடவி ஒரு குமிழும் காணாத இடத்தில். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் ஊரும். அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகப் பெரும்பகுதி தெருச் சாக்கடைப் பக்கம் போயிருந்தது. மெயின் சுவிட்ச் மட்டும் அணைக்கப்படாமல் இருந்திருந்தால், அவள் தட்டிய முதல் தட்டிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மனைவி தன் வலது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது வால்வு போட்டு நாலு நாள் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தார். அந்த நாலு நாளும் மணிக்கணக்கில் இருக்கையில் உட்கார்ந்தார். வாசனை வரவில்லை. ஐந்தாம் நாள் டாக்டரம்மா வந்தபோது விரிசலைப் பற்றிச் சொன்னார்.

"நல்லவேளை. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மழுப்பத்தான் நினைத்தார். வாய் கேட்கவில்லை. காய்ச்சலிலிருந்து தொடங்கி அத்தனையும் கொட்டிவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஒரு வீட்டுல ஒரு பசு, தொழுவத்துக்குள்ள நுழையவே மாட்டேன்னுச்சு. அடிச்சுப் பாத்தாங்க, போகலை. என்னைக் கூப்பிட்டாங்க. நான் உடம்பைத் தடவிப் பாத்துட்டு, இதுக்கு ஒரு நோயும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். மூணாம் நாள் கூரை இறங்கிடுச்சு." சாவியை வாங்கிக்கொண்டார். "இன்னும் நான் எழுதிக் குடுத்த அந்தச் சீட்டை நினைச்சா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்."

ஜீப் கிளம்பிப் போயிற்று. இன்றுவரை கேஸில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

நுரைக்காரர்தான் மாறிப்போனார். மூக்கு திரும்பாதா என்று பதினோரு வருடம் ஏங்கியவர், இப்போது எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் முதலில் மூச்சை அடக்கிக்கொள்கிறார். மனைவி வண்டியின் ஜன்னலோரம் நின்று அவர் முகத்தையே பார்க்கிறாள். அடக்கினதை விட்டாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, காற்றை உள்ளே இழுக்கிறார்.