போணிக்கு முன்னால் அணைக்கக் கூடாது

பாத்திரக்கடைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டவன் நான்தான். கேட்டதில் என்ன தப்பு? மைசூர் மண்டி மொஹல்லாவில் எவர்சில்வர் விற்க வாயும் தராசும் போதும். என் மனைவி பாப்பாத்தி கேட்டால்தானே! தொண்ணூற்றேழில் புதுக் கடை திறந்தபோது, பில்லைக் கம்ப்யூட்டர்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்த வேலைக்கு வந்தவள் ரூபா, ஹனூர் விவசாயி மகள். மைசூரில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்து, அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டார்கள். "இந்தக் கடை வேல நெலச்சா நீ இங்கயே இரு. இல்லீன்னா பொட்டியக் கட்டீட்டு ஊருக்கு வந்துரோணும்" என்று அவள் அப்பா எங்கள் முன்னாலேயே சொன்னார். அந்த மனுஷன் பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. பக்கத்து இரும்புக் கடை பசவராஜ் வேறு, இங்கே கம்ப்யூட்டர் ஓடினால் தன் கடைக்கும் ஒன்று என்று காத்திருந்தார்.

சரக்கு, விலை எல்லாம் உள்ளறைக் கம்ப்யூட்டரில். பில் போட, கல்லாவில் இன்னொன்று. நடுவில் வயர். வயர் மட்டும் போதாதாம். கல்லாவிலிருந்து உள்ளே இருக்கும் விவரத்தைத் தொட, புரோகிராம் எழுதும் இடத்தில் இணைப்பு என்று ஒன்றை அமைக்க வேண்டுமாம். முந்தின நாளே அமைத்துக் காட்டினாள். ஜோராக ஓடியது.

திறப்பு நாள் காலையில் உள்ளறையில் ரூபா விலைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பாப்பாத்தி இரண்டு மிஷினுக்கும் பொட்டு வைத்து ஆரத்தி காட்டினாள். பசவராஜ் ஓர் அண்டாவோடு கல்லாவுக்கு வந்தார். திரையில் 'இணைப்பு இல்லை' என்றே வந்தது.

ரூபா உள்ளே ஓடினாள். விலை திருத்தும்போது யாரும் குறுக்கே வராதபடி, விவரம் முழுவதையும் தன் மிஷினுக்கு மட்டும் என்று பிடித்து வைத்திருந்தாள். அதை விடுவிப்பதற்குள் மிஷின் அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் அசையவில்லை.

"அணைச்சுப் போட்டாச் சரியாயிருமுங்க" என்றாள்.

"என்னது!" என்று பாப்பாத்தி சுவிட்சுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "ஆரத்தி காட்டுன மிஷின போணி ஆகறதுக்கு முந்தி அணைக்கறதா? மொத நாளும் அதுவுமா! ஆகாது சாமி."

எனக்கு வந்ததே கோபம்! "போணி ஆகோணும்னா பில் வரோணும். பில் வரோணும்னா அணைக்கோணும். என்னதான்டி பண்ணச் சொல்றே?" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

பசவராஜ் அண்டாவைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டர் பில்லைப் பார்க்கத்தான் வந்ததாகவும், கையால் எழுதுவதானால் தனக்கு வேண்டாம் என்றும் கன்னடத்தில் சொன்னார். இந்தப் பெண்ணை அவள் அப்பா மூட்டை கட்ட வைத்துவிடுவாரே!

ரூபா வாதாடவில்லை. அலமாரியிலிருந்து சின்னத் தூக்குப்போசி ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்தாள்.

"போணிய நான் பண்றனுங்கக்கா. கையிலயே பில் எழுதிக் குடுங்க."

"ஏனம்மணி, மொதப் பில்லே கம்ப்யூட்டர்ல வரோணும்னல்ல ஆசப்பட்டேன்?"

"கம்ப்யூட்டர்ல மொதப் பில்லு பசவராஜண்ணனுக்குப் போட்டுரலாமுங்கக்கா."

பாப்பாத்தி கையால் பில் எழுதிக் கொடுத்தாள். பிறகு காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவிட்சை விட்டு விலகினாள்.

அணைத்துப் போட்டதும் மிஷினுக்கு உயிர் வந்தது. இந்தத் தடவை ரூபா எல்லாருக்கும் பொதுவாகவே விவரத்தைத் திறந்து வைத்தாள். கல்லாவில் பிரிண்டர் கரகரவென்று கத்தியது. பசவராஜ் பில்லை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து விடாமல் படித்தார். "நாளே நம்ம அங்கடிகெ பாரம்மா" என்று அவளைத் தன் கடைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் தராசைத் துடைத்தேன்.

பாத்திரம் வாங்குகிறவர்களுக்குப் பேரும் ஊரும் வெட்டிக் கொடுப்பது வழக்கம். பாப்பாத்தி போசியில் 'ரூபா' என்று வெட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊரு ஹனூர்னு போட்டுரட்டுமா, அம்மணி?"

"வேண்டாங்கக்கா. மைசூருன்னு போடுங்க."