கழுவிய காலுடன் வரவும்

பெரிய வியாழன் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ஈஸ்டரும் வந்து போய்விட்டது. பிரியாணி செரித்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதையும் எங்கள் சாமியார் மைக்கில் கேட்டுவிட்டார்!

விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய வியாழன் சாயந்தரப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு உண்டு. இயேசு தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார் அல்லவா? அந்த நினைவாகப் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேர் முன்னால் மண்டியிட்டு, காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துத் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கி ஒருவரை அனுப்புவோம். எங்கள் அன்பியத்துக்கு நான்தான் தலைவர். ரிட்டயரான ஆளுக்கு வேறென்ன வேலை?

இந்த வருஷம் சீட்டில் வந்த பெயர் சவரியம்மா.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து, பொழுது சாயத் திரும்புகிறவர். ஜெபக் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து, பாதி ஜெபமாலையில் தூங்கி விழுவார். நாங்கள் எழுப்ப மாட்டோம்.

பெயரை வாசித்ததும், "என் பேரா சார்? நல்லாப் பாருங்க" என்றார். சீட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜெபப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. ஆமாம், காலைக் கழுவுவதற்கும் ஒத்திகை உண்டு! யாருக்கு எந்த நாற்காலி, எந்தக் காலை நீட்டுவது, எப்போது செருப்பைக் கழற்றுவது... எல்லாம் சொல்லித் தருவார்கள். பங்குப்பேரவைச் செயலர் ஜெரோம் ஒரு சுற்றறிக்கையும் கொடுப்பார். அதில் மூன்றாவது வரி: 'கால்களை நன்றாகக் கழுவிச் சுத்தமாக வரவும்.' பல வருஷமாக இருக்கிற வரி. கழுவப்போகிற காலை எதற்குக் கழுவிக்கொண்டு வர வேண்டும்? இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்கிற நானும் கேட்டதில்லை.

ஒத்திகையில் சவரியம்மா செருப்பைக் கழற்றினார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. வெடிப்புக்குள் கறுப்பாக மண் ஏறியிருந்தது. கணுக்கால் வரை அட்டைக் கடித் தழும்புகள். பக்கத்து நாற்காலிக்காரர் தன் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஜெரோம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், போன வருசத்துல இருந்து லைவ் போகுது. கேமராவக் கிட்டத்துல வச்சு எடுக்குறாக. வெளிநாட்டுல இருந்தெல்லாம் நம்மாளுக பாக்குறாக. அந்தக் காலு... சாமி வேற முத்தம் குடுக்கணும். பக்குவமா நீங்களே சொல்லிருங்க."

ஜெரோம் கெட்டவர் அல்ல. கொரோனா சமயத்தில் சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தவர். அவர் வாயிலிருந்தா இப்படி? அந்த இடத்திலேயே எனக்கு அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. "சொல்லிர்றேன்" என்றேன்.

இத்தனைக்கும் போன மாதம்தான் இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில், வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்ன ஓர் ஆபீசைப் பற்றிக் கொதித்துப்போய் எழுதியிருந்தேன். மனித மாண்பு அது இது என்று ஒரு பக்கம். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டிருந்தீர்கள்.

புதன்கிழமை மத்தியானம் சவரியம்மா வீட்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் அவர் மலையில் இருப்பார், வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்பது என் கணக்கு. முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் இல்லை... அவ்வளவுதான்.

ஆனால் அவர் வீட்டில்தான் இருந்தார். குழாயடியில், வெந்நீர் நிறைந்த வாளியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இன்னொரு காலைச் செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போகலையா?"

"ரெண்டு நாளு லீவு சொல்லிட்டேன் சார். காலு ஊறணும்ல. காலையில இருந்து இங்கனயேதான் உக்காந்து தேய்க்கிறேன், கறை போக மாட்டேங்குது. நாளைக்குச் சாமி தொடுறப்ப அவுகளுக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாதுல்ல."

கீழே ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. செங்கல் கரைகிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன்... செங்கல் இல்லை. குதிகால் வெடிப்பு பிளந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதாவது வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம் அல்லவா?

"காயமாயிருச்சே சவரியம்மா. தண்ணி பட்டா எரியும். இந்த வருசம் வேற ஆளப் போட்டுக்கிருவோம். நீங்க அடுத்த வருசம் உக்காருங்க."

என் குரலில் எவ்வளவு அக்கறை தெரியுமா! அதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சவரியம்மா தேய்ப்பதை நிறுத்தினார். "நேத்து எல்லாரும் என் காலப் பாத்தாகளே... அதுக்கா சார்?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"சரி சார்" என்று எழுந்து உள்ளே போனார். ஜெபப் புத்தகத்திலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாற்று ஆள் கிடைக்கவில்லை. "நீங்களே உக்காந்துருங்க சார். உங்க காலு பளிச்சுன்னு இருக்கு" என்றார் ஜெரோம். உட்கார்ந்தேன். நகம் கூட வெட்டிக்கொண்டு போயிருந்தேன். சட்டையை மாற்றியிருந்தேன், ஆனால் கண்ணாடியோடு சேர்த்து அந்தச் சீட்டும் புதுச் சட்டைப் பைக்கு வந்திருந்தது.

சாமியார் ஒவ்வொரு நாற்காலியாக வந்து, கடைசியாக என் முன்னால் மண்டியிட்டார். பன்னிரண்டு பேரின் பட்டியல் அவரிடம் முன்பே போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"சவரியம்மா எங்க?"

தன் அங்கியில் மாட்டியிருந்த மைக்கை அவர் மறந்துவிட்டார். கோயில் முழுக்கக் கேட்டது. லைவிலும் போயிருக்கும்.

"கால்ல காயம் சாமி..." என்றேன். அந்தப் பொய்யும் மைக்கில் போனது.

அவர் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் காலைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. வாசல் பக்கம் கடைசித் தூணருகே சவரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். கோபமோ குத்தலோ இல்லை, தெரிந்துகொள்கிற ஆசையில்தான் கேட்டார்.

"சார், சாமி ஊத்துனது வெந்நியா, பச்சத் தண்ணியா?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு."

"அப்ப எரிஞ்சிருக்காது சார்" என்றார்.

மறுநாளே சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "மூணு வருசமா நானும் கழுவுன காலத்தான சார் கழுவிக்கிட்டிருக்கேன்... எனக்கும் உறைக்கலையே" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சவரியம்மாவிடமும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வருஷம் சீட்டே போட வேண்டாம், நீங்கள்தான் என்றேன்.

"அது வேணாம் சார். எல்லாருக்கும் குலுக்குற மாதிரியே குலுக்குங்க. வந்தா வரட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் அன்பியத்தில் முப்பதுக்கு மேல் குடும்பங்கள். அவர் பெயர் இனி எந்த வருஷம் வருமோ!

போன ஞாயிறு பேரவைக் கூட்டம். சுற்றறிக்கையில் அந்த மூன்றாவது வரியை அடித்துவிடச் சொன்னேன். ஜெரோம் யோசித்தார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"எடுத்துருவோம் சார். ஆனா அழுக்குக் காலோடயே வந்து உக்காந்துட்டாகன்னா... என்ன செய்றது?"

கழுவ வேண்டியதுதான் ஜெரோம்!