மோட்டார் திருடியவனைக் கிணற்றடிக்குக் கூட்டிவந்தேன்

1991-ம் வருடம், பங்குனி மாதம். பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. இன்று அந்தப் பக்கம் வருகிறவர்கள் கம்பெனி காம்பவுண்டுச் சுவரைத்தான் பார்ப்பார்கள். அன்று அங்கே நவரைப் பட்டத்து நெல் நின்றது. என் கணவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆகவே நிலம், மாடு, கிணறு மூன்றும் என் பொறுப்பு. "வூட்டுக்காரருக்குக் கம்பெனி, வூட்டுக்காரிக்குக் கழனி" என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் கிணற்றில் முன்பு கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளின் வேலையை அப்போது கரண்ட் மோட்டார் செய்துகொண்டிருந்தது. மாட்டின் வேலையைச் செய்வதால் அதற்கும் மாட்டு மரியாதை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குப் பூசி மிஞ்சும் பெயிண்டை மோட்டாருக்கும் பூசுவேன். அந்த வருடம் பொங்கலின்போது மோட்டார் ரிப்பேருக்குப் போய், உள்ளே காயில் கம்பியைப் புதுசாகச் சுற்றிக் கட்டி வந்து, மாட்டாமல் தரையில் கிடந்தது. நான் அதைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களுக்கும் அடிப்பக்கத்தில் ரோஸ் பெயிண்ட் அடித்தேன். "அண்ணி லாடம் அடிக்குது பாரு" என்று என் கொழுந்தன் சிரித்தான். அவன் சிரித்ததுதான் பின்னால் உதவியது.

பங்குனியில் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானம், பம்ப்செட் ரூம் பூட்டை உடைத்து யாரோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் போல்ட்டுகள்தான் நின்றன. அந்தப் பருவத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விடாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. பக்கத்துக் கழனிக்காரர்கள் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மேல்பக்கம் தப்பித்தது, கடைசி மடை காய்ந்தது.

பயிரைவிட என்னை வாட்டியது வேறு. பூட்டு எங்கே, மோட்டார் எந்த மூலையில் என்று தெரிந்தவன்தான் எடுத்திருக்க வேண்டும். அப்படியானால் யார்? எனக்கு மோர் கொடுத்தவளையும் சந்தேகமாகப் பார்த்தேன். தண்ணீர் விட்டு உதவியவரையும் சந்தேகமாகப் பார்த்தேன். வரப்பில் நடக்கும்போது நான்கு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது.

பழைய மோட்டார் ஏதாவது கிடைக்குமா என்று கேட்க, கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு படப்பையில் இருந்த காயில் கட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரன் முப்பது வயசுக்காரன், குடும்பஸ்தன். எங்கள் மோட்டாரைக் கட்டிக் கொடுத்து, கிணற்றுக்கு வந்து மாட்டிவிட்டு, என் கையால் கூழ் வாங்கிக் குடித்துப் போனவன். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். நாங்கள் போனபோது டீ வாங்கப் போயிருந்தான். மேஜைமேல் ஒரு மோட்டார் பக்கவாட்டில் கிடந்தது. புதுசாகச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். அடிப்பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. நான்கு காலிலும் ரோஸ்.

"அண்ணி, உன் லாடம்" என்றான் கொழுந்தன். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

டீ கிளாஸோடு திரும்பியவன் எங்களைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மோட்டாரையும், கூடவே அவனையும் ஊருக்குக் கொண்டுவந்தோம். செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. என் கணவரின் அண்ணன் கயிற்றோடு நின்றார். கம்பத்தில் கட்டி நாலு போடு போட்டு, கோயிலுக்கு அபராதம் கட்டவைக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சைக்கிளைத் திருப்பினார்.

இரண்டு பேரையும் நிறுத்தினேன்.

"மாமா, சாமிக்கு ஒண்ணும் காணாமப் போவல. எனக்குத்தான் போச்சு. அபராதத்தை சாமி வாங்கிக்கினா என் கதிரு முத்துமா?" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் கயிறு தானாகத் தாழ்ந்தது.

என் கணவர் அவ்வளவு சீக்கிரம் மசியவில்லை. "திருட்டுன்னா கேஸ்தான். இன்னாத்துக்கு வுடணும்?" என்றார். கேஸ் போட்டால் மோட்டாரும் சாட்சிப் பொருளாக ஸ்டேஷனுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போகும், அது திரும்பி வருவதற்குள் பயிர் வைக்கோலாகிவிடும் என்று சொன்னேன். "நான் சொன்னத அவன் செய்யலன்னா நானே ஸ்டேஷனுக்கு வர்றேன். மொதல்ல என்னாண்ட பேசட்டும்." இது கெஞ்சல் இல்லை என்று அவருக்குத் தெரியும். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

எல்லோரையும் கிணற்றடிக்கு வரச் சொன்னேன். எங்கே திருடினானோ அங்கேதான் பேச வேண்டும். அதற்குள் அவன் மனைவியும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். என் காலில் விழப்போனவளைத் தடுத்து, நிழலில் உட்காரவைத்தேன். அவள் எனக்கு எதுவும் செய்யவில்லையே!

அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "ஊர்ல இத்தினி மோட்டார் கீது. ஏன் என்னுது?"

 தரையைப் பார்த்தபடியே சொன்னான். ஒரகடம் பக்கத்து விவசாயி ஒருவர் கட்டக் கொடுத்த மோட்டார், இவன் கனெக்‌ஷனை இடம் மாற்றித் தப்பாகக் கொடுத்துவிட்டதால் கடையில் சோதித்துப் பார்க்கும்போதே எரிந்துபோயிற்று. மறுபடி கட்டக் கம்பி வாங்கக் கையில் காசில்லை, வெளியே தெரிந்தால் தொழிலில் பேர் போய்விடும் என்று பயம். அதே கம்பெனி, அதே அளவு மோட்டார் எங்களிடம் இருந்தது. "உங்குளுது நான் கட்டனது, அக்கா. நல்லா ஓடும்னு தெரியும். யாராச்சும் கேட்டா ரிப்பேருக்கு எடுத்துக்கினு போறேன்னு சொல்லலாம்னு இருந்தேன். யாருமே கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இத்தனை நாளாக நான் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் அந்த ஒரு பதிலில் நல்லவர்களாகிவிட்டார்கள். இந்தப் பதிலை எந்தக் கம்பமும் எனக்கு வாங்கித் தந்திருக்காது. அடி விழுந்தால் அவன் "ஐயோ" என்றுதான் சொல்லியிருப்பான்.

அவனை மடை மடையாக நடத்திக் கூட்டிப்போனேன். காய்ந்த பகுதியில் ஒரு கதிரைப் பிடுங்கி அவன் கையில் வைத்து, கசக்கிப் பார்க்கச் சொன்னேன். பால் வரவில்லை. அவன் முகம் போன போக்கை என் கணவரும் பார்த்தார்.

பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். மோட்டாரைப் பொழுது சாய்வதற்குள் அவனே மாட்டி ஓட்ட வேண்டும். ஒரகடத்துக்காரரிடம் நேரில் போய், எரித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். களத்தில் நெல் தூற்றுகிற அன்று வந்து நிற்க வேண்டும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உடனே தலையாட்டினான். இரண்டாவதற்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவிதான், "நானும் கூட வர்றேன், வா" என்றாள்.

ஊராரிடமும் ஒன்று கேட்டேன். சொன்னதைச் செய்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் அவனைத் திருடன் என்று கூப்பிடக்கூடாது. "கூப்பிடணும்னா என் காதுல வுழற மாரி கூப்பிடுங்க" என்றேன். என் வாய்க்குப் பயந்தே முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று மாலையே தண்ணீர் பாய்ந்தது. ஒரகடத்துக்குப் போய்வந்தான். அங்கே வாங்கிய ஏச்சைப் பற்றி எங்களிடம் வாய் திறக்கவில்லை, அவன் மனைவி சொல்லித்தான் தெரியும். அறுவடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வந்தான். கடைசி மடை நெல்லைத் தூற்றியபோது பதர் காற்றில் பறந்து அவன் தலை, தோள் எல்லாம் படிந்தது. தட்டிவிடாமல் நின்றான். முறத்தை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தையும் அவனே தூற்றினான். அந்தக் களத்தில் அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டம் படித்த என் மகள், இதற்குச் 'சீரமைப்பு நீதி' என்று பேர் இருக்கிறது என்கிறாள். குற்றம் செய்தவரையும் அதனால் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, சேதத்தைச் சரிசெய்யும் வழியைப் பேசவைப்பார்களாம். பேர் எதுவானாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். எல்லாக் குற்றத்துக்கும் இது மருந்தில்லை. ஒரு பெண்மேல் கைவைத்தவனிடம் சமாதானம் பேசு என்று யாராவது சொன்னால், ஸ்டேஷனுக்கு முதலில் ஓடுகிறவள் நானாகத்தான் இருப்பேன். பறிகொடுத்தவரை மிரட்டி "போகட்டும் விடு" என்று சொல்லவைப்பதும் நீதி இல்லை. அன்று நான் கேட்க விரும்பினேன், கேட்டேன், எனக்குப் பதில் கிடைத்தது. அதனால்தான் அது நியாயமாக முடிந்தது.

அடுத்த ஆடியில் மோட்டார் மறுபடி மக்கர் செய்தது. வேறு கடைக்குப் போகலாம் என்றார் என் கணவர். நான் அவனுக்கே சொல்லியனுப்பினேன். வந்தவன் பம்ப்செட் ரூம் வாசலில் தயங்கி நின்றான்.

"நீ வேலையப் பாரு. நான் வூட்டாண்ட போய்ச் சோறாக்கணும்" என்று கதவைத் திறந்துவிட்டு, அவனைத் தனியாக விட்டு வரப்பில் இறங்கினேன். வீடு வரைக்கும் ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. திருட்டுக் கொடுத்ததில் கடைசியாக எனக்குத் திரும்பி வந்தது அந்த நடைதான்.