டிரங்க் கால் மேசையடியில் ஒரு ஜெபம்

என் மகள் எஸ்தரை என் கையாலேயே சாகக் கொடுக்க இருந்தேன். இதைச் சபையில் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை காலை. ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை முழுக்கப் பேன். ஒரகடம் பக்கத்தில் சிலர் செய்வதுபோல், நெல்லுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவி, துணியால் கட்டிவிட்டேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை. டப்பாவில் இருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

சிறிது நேரத்தில் வாந்தி. வாயில் எச்சில் வழிந்தது. மூச்சு கொரகொரத்தது. வாலாஜாபாத் சாலையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வெளியூர் போயிருந்தார். ஒரே ஒரு நர்ஸ்.

"இன்னா சாப்ட்டா, டீச்சரம்மா?"

"தெரியல" என்றேன். தலையில் கட்டிய துணியை வழியிலேயே அவிழ்த்து மறைத்துவிட்டேன். தெளிப்பு நாட்கள் என்பதால் மருந்து வாடை எல்லார் மேலும் இருந்தது; நர்ஸ் சந்தேகப்படவில்லை.

நர்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பிள்ளையிடம் ஓடினார். நான் போன் மேசையடியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவளை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள்ளும்." வேறு வார்த்தை வரவில்லை. நெடுநேரம் கழித்து மணி அடித்தது.

சென்னை டாக்டர் கேட்டதை நான் உள்ளே கத்தினேன். நர்ஸ் கட்டிலருகே இருந்து கத்தியதைப் போனில் சொன்னேன்.

"கண்ணு பாப்பா சுருங்கி ஊசிமுனை மாதிரி கீதுன்னு சொல்லுங்க, டீச்சரம்மா."

சொன்னேன். டாக்டர் இதுபோல் பிள்ளைகளை முன்பே பார்த்திருக்க வேண்டும். "அம்மா, பேனுக்குப் பூச்சிமருந்து ஏதாவது வச்சீங்களா?"

குறுக்கே எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல்: "மூணு நிமிஷம் ஆயிடுச்சு. லைனைத் துண்டிச்சிடலாமா?"

"துண்டிக்காதம்மா" என்றேன். "வச்சேன், டாக்டர். நான்தான் வச்சேன்."

முடியை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி போடச் சொன்னார். "ஒன்னோட நிறுத்தாதீங்க. எச்சில் காயுற வரைக்கும் போடணும்." எக்ஸ்சேஞ்ச் பெண் அப்புறம் குறுக்கிடவே இல்லை.

சாயங்காலம் எஸ்தர் கண் திறந்தாள். "வாய் காயுதும்மா" என்றாள். அதைவிட நல்ல சொல்லை நான் கேட்டதில்லை.

என் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டேன். அவர் என் பொய்யை மட்டும் எடுத்துக்கொண்டார். அவள் முடி இப்போது காதுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் ஈர்கொல்லிச் சீப்பால் வாரிக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அன்பானவர்களே, முழங்காலில் நிற்கும்போது எதையும் மடியில் ஒளிக்காதீர்கள். சொல்லிவிடுங்கள். அவர் லைனைத் துண்டிக்கமாட்டார்.