சோறு மட்டும் இருந்த கணக்கு

ஆறு மாதமாக நான் சோறு தின்னவில்லை. எங்கள் ஊர் புதுக்கடையில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். சர்க்கரை நோய்க்கு மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் எனக்குப் புரியாதா? மாவுச்சத்து என்றால் சோறு. சோற்றை நிறுத்தியாயிற்று.

ஆனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி முன்பைவிடக் கூடியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த முறையும் இறங்காவிட்டால் இன்சுலின்தான் என்றார். ஊசி என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து உயிர் போய்விடும். போதாததற்கு, ஒளித்து ஏதாவது தின்கிறீர்களா என்று வேறு கேட்டுவிட்டார். எனக்குக் கோபத்தில் காது சுட்டது.

என் மனைவி விடவில்லை. “இவிய ஒரு வாய் சோறு தொடல்ல டாக்டர். நானும் கூட நிறுத்தியாச்சு. இவிய முன்னால இருந்து நான் மட்டும் சோறு தின்ன முடியுமா?” என்றாள். ஒரு நாள் சாப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு உணவு ஆலோசகரைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார் டாக்டர்.

மறுநாள் பாத்திரங்களோடு போனோம். ஆலோசகர் என் மகள் வயதுப் பெண். காலைக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு மசித்ததும் சாளை மீன் கறியும். பதினோரு மணிக்கு அவித்த ஏத்தன் வாழைப்பழம் இரண்டு. மதியத்துக்கு மறுபடியும் கிழங்கு. சாயங்காலம் சீனி போடாத கட்டன்சாயாவோடு சிறுகிழங்கு. நான் பெருமையாகத்தான் மூடிகளைத் திறந்து வைத்தேன்.

அந்தப் பெண் ஒரு சின்னக் கப்பை எடுத்துக் காலைக் கிழங்கை அள்ளித் தட்டில் கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது கப்பில்தான் பாத்திரம் காலியானது.

“உங்க உடம்புக்கும் மருந்துக்கும் ஒரு நேரத்துக்கு ஒரு கப்புதான் சாரே. சோறோ, கிழங்கோ, பழமோ, எல்லாம் சேத்து அதுக்குள்ள நிக்கணும்.”

“கிழங்கு எப்பிடிம்மா கணக்குல வரும்? அது சாப்பாடு இல்லல்லா?” என்று என் வாய்தான் கேட்டது. வட்டில் நிறையக் கிழங்கைத் தின்றுவிட்டு, யாராவது கேட்டால் இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்கிற ஊர் எங்களுடையது. சோறு விழுந்தால்தான் சாப்பாடு. ஐந்து பங்கைத் தின்றுவிட்டுப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன், அதுவும் ஆறு மாதம். எந்தப் பிள்ளையாவது அப்படி எழுதியிருந்தால் பெஞ்சில் ஏற்றியிருப்பேன்.

அவள் என் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கும் ஒண்ணு பாத்திருவோமா?” என்றாள்.

“எனக்கு எதுக்கு மக்கா? எனக்கு ஒரு கேடும் இல்ல” என்று சிரித்துக்கொண்டே என் மனைவி விரலை நீட்டினாள்.

கருவியில் வந்த எண் என்னுடையதைவிடப் பெரியது. ரத்தப் பரிசோதனை எடுத்துத்தான் உறுதி சொல்ல முடியும் என்றாள் அந்தப் பெண். ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. என் மனைவி கருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்குத் துணைக்கென்று, நான் தின்றதையெல்லாம் நான் தின்ற அளவுக்கு அவளும் தின்றிருக்கிறாள்.

“டாக்டர்கிட்ட சொல்லி எனக்கு எந்த ஊசி வேணும்னாலும் போடச் சொல்லும்மா” என்றேன். “மொதல்ல இவளுக்கு எத்தன கப்புன்னு பாத்துச் சொல்லு.”