பென்சிலில் போட்ட பதினெட்டு ரூபாய்

சம்பள நாளில் என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற பெண்களில், பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போகிறவள் வெள்ளைத்தாய் ஒருத்திதான். "எண்ணிப் பாரும்மா" என்றால், "நீங்க எண்ணித்தான சார் குடுக்கிறீக" என்பாள்.

அப்போது நான் அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் சம்பளப் பிரிவுக் குமாஸ்தா. அவள் ரீலிங் பிரிவில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிறவள். பாலவனத்தத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, காட்டில் விதைத்ததெல்லாம் கருகிப்போன அறுபத்திரண்டாம் வருஷம் வேலைக்கு வந்தாள். கணவன் பால்ச்சாமி கிணறு வெட்டும் ஆள். ஓர் ஊரில் தண்ணீர் ஊறிவிட்டால் கூட்டத்தோடு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவான். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். செல்லக்கிளி என்று ஒரே மகள்.

ரீலிங்கில் வேலைக்கு நிற்கும்போது வளையல் போடக்கூடாது, நூலில் மாட்டும். பெண்கள் உள்ளே நுழைந்ததும் கழற்றி வெள்ளைத்தாயிடம் கொடுப்பார்கள். அவள் ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். கண்ணாடி வளையலோடு சில நாள் தங்க வளையலும் வரும். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை, மாறியதில்லை. அந்தப் பிரிவில் ஐம்பத்தெட்டுப் பெண்கள். ஒரு விஷயம் நல்லதா கெட்டதா என்று தெரியாவிட்டால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அறுபத்தெட்டில் மில் கேட்டுக்கு எதிரே வெளியூர் வியாபாரி ஒருவர் தொழிலாளர்களுக்கென்று ஒரு கடை போட்டார். அரிசி, பருப்பு, எண்ணெய், சேலை எல்லாம் கிடைக்கும். கையில் காசு வேண்டாம், அட்டை இருந்தால் போதும். மாதம் முப்பது ரூபாய் வரை வாங்கலாம். கடைக்காரர் மாதக் கடைசியில் பட்டியல் அனுப்புவார். சம்பளத்தில் பிடித்துக் கொடுப்பது என் வேலை. மில் நிர்வாகம் அதற்குச் சம்மதித்திருந்தது.

அந்தக் கடையில் அட்டை எழுத ஆள் தேவைப்பட்டது. பால்ச்சாமியின் தம்பி ராஜகுரு பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டு இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டில் இருந்தான். வெள்ளைத்தாய்தான் அவனுக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள், அவன் வேட்டியையும் சேர்த்துத் துவைத்தாள். அவள் மேஸ்திரியைப் பிடித்து, மேஸ்திரி கடைக்காரரிடம் சொல்லி, வேலை கிடைத்தது. முதல் அட்டையை ராஜகுரு மதினிக்குத்தான் எழுதினான். மஞ்சள் நிறத்தில் மடித்து வைக்கிற தடித்த அட்டை.

மற்ற பெண்கள் பக்கத்திலேயே போகவில்லை. கடன் என்ற சொல்லே அவர்களுக்குப் பயம். அட்டைக்கு வருஷம் ஒரு ரூபாய், ஒவ்வொரு தடவை எழுதுவதற்கும் ஐந்து பைசா எழுத்துக்கூலி என்பதும் பிடிக்கவில்லை. வெள்ளைத்தாய் ஒவ்வொருத்தியிடமும் போய்ப் பேசினாள். சௌடம்மாளிடம் பேசியதை வெள்ளைத்தாயே பிறகு என்னிடம் சொன்னாள். சௌடம்மாள் டவுனில் நெசவுக் குடும்பம். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ஒரே தறி, உட்கார ஆள் மூன்று பேர் என்பதால் இவள் மில்லுக்கு வந்தவள். வெள்ளைத்தாய்க்குப் பக்கத்து மிஷின்.

"அதென்ன பென்சில்ல ஒண்ணு, மையில ஒண்ணு எழுதுறாகளாமே?" என்று சௌடம்மாள் கேட்டிருக்கிறாள்.

"சரக்கு வாரதுக்கு முன்னாடி நமக்கு வேணும்னு சொல்லி வச்சோம்னா, குத்துமதிப்பா ஒரு தொகைய பென்சில்ல போட்டு வைப்பாக. அவ்வளவு ரூவாய்க்கு வேற சாமான் வாங்க முடியாது. சரக்க வாங்குனதும் சரியான வெலைய மையில எழுதிட்டு பென்சில அழிச்சிருவாக. வேண்டாம்னு சொன்னாலும் அழிச்சிருவாக. எங்க கொழுந்தன் சொன்னாரு, பென்சில்ல இருக்கது வெறும் நிறுத்தி வைக்கிறது, கடன் இல்லைன்னு."

"எழுதுறது ஒங்க கொழுந்தனா?"

"ஆமா."

"அப்பச் சரி."

இரண்டே மாதத்தில் ஐம்பத்தெட்டுப் பேரும் அட்டை வாங்கிவிட்டார்கள்.

அவ்வப்போது ஒருத்தி, "இந்த மாசம் பிடித்தம் கூடவா இருக்க மாதிரி இருக்கே" என்று முணுமுணுப்பாள். என் சம்பளச் சீட்டில் 'கடை' என்று ஒரே ஒரு எண்தான் இருக்கும். எது எதற்கு என்று அதில் தெரியாது. தங்கள் அட்டையைத் தாங்களே கூட்டிப் பார்க்கப் பெரும்பாலானவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அப்படிப்பட்டவளை ராஜகுரு, "மதினி அட்டைய வாங்கிப் பாருங்க" என்று அனுப்புவான். வெள்ளைத்தாய் தன் அட்டையை விரித்துக் காட்டுவாள். பென்சில் போட்ட இடமெல்லாம் ரப்பரால் சுத்தமாக அழித்து, மையில் சரியான விலை இருக்கும். கூட்டினால் அவள் சம்பளச் சீட்டில் இருக்கிற எண் காசு பிசகாமல் வரும். கேட்டு வந்தவள், தான்தான் கணக்கை மறந்துவிட்டோம் என்று போய்விடுவாள். இப்படி மூன்று வருஷம் ஓடியது.

எழுபத்தொன்று ஐப்பசியில் செல்லக்கிளியைப் பெண் பார்க்கப் பந்தல்குடியிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மகளுக்கு ஒரு சேலைக்காக வெள்ளைத்தாய் கடையில் சொல்லி வைத்தாள். பதினெட்டு ரூபாய் பென்சிலில் ஏறியது. வந்த சேலையில் கரை ஓரம் கிழிந்திருந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். "சரி மதினி, அழிச்சுக்கிறேன்" என்றான் ராஜகுரு.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஷிப்டு முடிந்து நேரே கடைக்குப் போனாள். நாலு கிலோ அரிசி, அரைக் கிலோ சீனி, காப்பித்தூள், நல்லெண்ணெய். எடை போடுகிற ஆள் எல்லாவற்றையும் நிறுத்து, பொட்டலம் கட்டி, கல்லாப் பலகையில் வைத்துவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தான்.

"ஒனக்கு முப்பது நெறையப் போகுதும்மா. இன்னும் சில்லறைக்குத்தான் சாமான் குடுக்கலாம்."

"எப்படிண்ணே? அரிசி பருப்புன்னு பன்னெண்டு ரூவாய்க்குச் சில்லறை கொறைய வாங்கியிருக்கேன்."

"பென்சில்ல பதினெட்டு இருக்கே."

"அது சேலைக்குப் போட்டது. திருப்பிக் குடுத்தாச்சு. அழிக்க மறந்திருப்பாரு."

"அத நான் அழிக்க முடியாது. ராசகுரு தம்பி வரணும்."

உள்ளே இருந்து ராஜகுரு வந்தான். அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "மொதலாளி திங்கக்கெழமை வருவாரு மதினி. அவரு சொல்லித்தான் அழிக்கணும். இப்ப அப்படி வச்சிருக்காக."

"நாளைக்கு வீட்டுக்கு ஆளு வாராக தம்பி. ஒனக்குத் தெரியும்ல."

"தெரியும். நான் என்ன செய்ய."

பின்னால் இருபது பெண்கள் நின்றார்கள். எடை போடுகிறவன் பொட்டலத்தைப் பிரித்து அரிசியை மூட்டையில் கொட்டினான், சீனியை டின்னில் கொட்டினான். அட்டையை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நாலைந்து வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது, ராஜகுரு தன்னைத் திரும்பக் கூப்பிடுவான் என்று வாசலில் நின்றதாகச் சொல்வாள்.

சௌடம்மாள் வீட்டில் காப்பித்தூளும் சீனியும் இரவல் வாங்கி, மகளுக்கு அவளிடமே ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு போனாள். வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ராஜகுரு கூடவே உட்கார்ந்து, பெண்ணின் சித்தப்பா என்ற முறையில் பேச வேண்டியதை எல்லாம் பேசினான். வெள்ளைத்தாய் அவனை ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அழித்துவிடுவான் என்று இருந்தாள்.

அழிக்கவில்லை. அடுத்த மாதம் ஏழாம் தேதி என் ஜன்னலுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பணத்தை எண்ணினாள்.

"கடைக்கு எவ்வளவு சார் பிடிச்சிருக்கு?"

"முப்பதுக்குக் கொஞ்சம் கம்மி."

"பதினெட்டு ரூவா பென்சில்ல இருந்தது சார். சாமான் வாங்கல. பட்டியல்ல அது பென்சில்ல இருக்கா, மையில இருக்கா?"

நான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பட்டியல் முழுக்க மைதான். பென்சில் என்று ஒன்றே அதில் கிடையாது.

"யாரு எழுத்து சார்?"

"ஒங்க கொழுந்தன் எழுத்துத்தாம்மா."

அவள் பணத்தை முடிந்துகொண்டு போனாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் அட்டையோடு சௌடம்மாளின் அட்டையையும் இன்னும் ஆறேழு அட்டைகளையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "இதையும் அதையும் வச்சுப் பாருங்க சார்." மூன்று வருஷப் பட்டியல்கள் என் பீரோவில்தான் இருந்தன. சௌடம்மாளின் அட்டையில் சரக்கு வாங்காமல் பென்சிலை அழித்திருந்த இடங்கள் எல்லாம் பட்டியலில் மையில் இருந்தன. ஒரு மாதம் இரண்டு ரூபாய், ஒரு மாதம் மூன்று, தீபாவளி மாதம் ஐந்து. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான். மற்ற அட்டைகளிலும் அதேதான். வெள்ளைத்தாயின் அட்டை ஒன்று மட்டும் இந்த மாதம் தவிர மற்ற மாதமெல்லாம் பட்டியலோடு ஒத்துப்போனது.

"என் அட்டையில மட்டும் ஏன் சார் சரியா இருக்கு?" என்று கேட்டாள். கேட்ட உடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆபீசில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் பால்ச்சாமியும் ஊரில் இருந்தான். ராஜகுரு சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டு வைக்காமல் அட்டைகளை அவன் முன்னால் வைத்தாள்.

"இது என்ன தம்பி?"

அவன் அட்டைகளைத் தள்ளி வைத்தான். பிறகு, "மொதலாளி சொன்னாரு, செஞ்சேன்" என்றான். "அப்படிப் பிடிச்ச நூறு ரூவாய்க்கு அஞ்சு ரூவா எனக்குத் தந்தாரு. ஒங்க அட்டையில நான் கை வைக்கலையே மதினி. மூணு வருசமா பொத்திப் பொத்தித்தான வச்சிருந்தேன். இந்தத் தடவதான் அவரு ஒருத்தர விடாத, எல்லார்கிட்டயும் பிடின்னுட்டாரு."

"என் அட்டைய பொத்தி வச்சது எனக்காகவா?"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"ஒருத்தி சந்தேகப்பட்டா காட்டுறதுக்கு ஒரு அட்டை வேணும். அதுக்குத்தான வச்சிருந்த. அத நானே விரிச்சு விரிச்சுக் காட்டியிருக்கேன்."

பால்ச்சாமி குறுக்கே வந்தான். "சரி விடு. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. பிள்ளைக்குப் பேசி முடிச்சிருக்கோம். சித்தப்பன் திருடன்னு பந்தல்குடிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அந்த அம்பத்தேழு பேருக்கு?"

"அவுகளா நாளைக்கு ஒம் மகளக் கட்டப் போறாக?"

கொழுந்தனின் குற்றத்தைவிட இந்தப் பேச்சு அவளை அதிகமாக அடித்தது. இத்தனை வருஷத்தில் கணவன் அவளிடம் கோபப்பட்டிருக்கிறான், பணம் கேட்டிருக்கிறான். அவள் நியாயம் சொல்லி அவன் எதிர்ப்பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் மானேஜரிடம் போனாள். நான் பட்டியல்களை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். மானேஜர் கேட்டுக்கொண்டார், விசாரிப்பதாகச் சொன்னார். கடைசியில் நடந்தது இவ்வளவுதான்: அந்த ஒரு மாதத்துப் பென்சில் தொகையை மட்டும் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளைத்தாய்க்கும் பதினெட்டு ரூபாய் வந்தது. முந்தின மூன்று வருஷத்துக்கு, பிடித்தம் போகச் சம்பளம் வாங்கியதற்குப் பெண்களே வைத்த கைநாட்டு இருக்கிறது என்றார் கடைக்காரர். பொங்கலுக்குள் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். ராஜகுரு தூத்துக்குடிக்குப் போனான். போகும்போது அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டான்.

வெள்ளைத்தாய் ஒவ்வொரு பெண்ணிடமும் தானே போய் நடந்ததைச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலர், நீ என்ன செய்வ என்றார்கள். சௌடம்மாள் திட்டவில்லை. "கடைய நம்பியா வாங்குனேன். நீ சொன்னதால வாங்குனேன்" என்றாள். ஒரு வாரம் கழித்து மேஸ்திரியிடம் கேட்டு வேறு வரிசைக்கு மாறிக்கொண்டாள். வளையல்களை இப்போது பெண்கள் அவரவர் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். வெள்ளைத்தாயிடம் கொடுக்கக்கூடாது என்று யாரும் பேசி வைக்கவில்லை. ஒருத்தி கொடுக்காமல் இருந்தாள், பிறகு இன்னொருத்தி.

எழுபத்திரண்டு வைகாசியில் செல்லக்கிளிக்குக் கல்யாணம். மில்லிலிருந்து நான் உட்பட நாலைந்து பேர் போயிருந்தோம். ரீலிங் பெண்களில் மூன்று பேர்தான் வந்தார்கள். ராஜகுரு புது வேட்டி சட்டையில் வந்து ஒரு பித்தளை அண்டாவை மணவறைக்குப் பக்கத்தில் வைத்தான். பால்ச்சாமி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். பந்தியில் வெள்ளைத்தாய்தான் சோறு பரிமாறினாள். அவன் இலைக்கும் போட்டாள், எனக்குப் போட்ட அளவுதான். "நல்லா இருக்கீகளா மதினி?" என்று அவன் கேட்டான். அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மில்லில் பல வருஷம் வேலை பார்த்தாள். சம்பள நாளில் பிடித்தம் ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். பின்னால் நிற்பவர்கள் முனகினாலும் அவசரப்படமாட்டாள். நானும் வாசிப்பேன். எழுபத்தாறில் என்னைக் கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். கடைசிச் சம்பளம் கொடுத்த அன்று அவளிடம் போய்வருகிறேன் என்று சொன்னேன்.

"சந்தோசமாப் போயிட்டு வாங்க சார்" என்றாள். பணத்தை முடிந்துகொண்டு திரும்பியவள் நின்றாள்.

"அந்தப் பட்டியலு மூணு வருசம் ஒங்க மேசைக்குத்தான சார் வந்துச்சு."

"ஆமாம்மா."

"அட்டையக் கொண்டா, ஒத்துப் பாக்கேன்னு ஒரு மாசமாவது நீங்க கேக்கலையே."

"கேக்கல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஷிப்டுச் சங்கு ஊதியது. மற்றவர்களோடு சேர்ந்து ரீலிங் பக்கம் நடந்தாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.