பாதியில் நிற்கும் பாட்டைக் கேட்க வெள்ளானூருக்கு

நான் கபடி பார்க்கிறவள் இல்லை. முகப்பேரில் ஒரு ஃப்ளாட், ஐ.டி. வேலை, ஞாயிற்றுக்கிழமை என்றால் பதினொரு மணி வரை தூக்கம். அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரு ஞாயிறு மொட்டை வெயிலில் வெள்ளானூருக்குக் கிளம்பினேன் என்றால், காரணம் ஒரே ஒரு பாட்டு.

அம்பத்தூரில் நான்கு நண்பர்கள் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். சினிமாவோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. சொந்தக் காசு, கடன் வாங்கிய கிதார், மொட்டைமாடி அறையில் பதிவு. அவர்களுடைய ‘இன்னும் ஒரு நிமிஷம்’ பாட்டை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. யூடியூபில் அதைச் சீந்த ஆளில்லை. ஆனால் ஆவடி பக்கம் கபடி மைதானங்களில் கடைசி நிமிஷம் வந்துவிட்டால் கேலரி மொத்தமும் அதைத்தான் பாடுகிறது என்று ஒருவர் வீடியோ அனுப்பினார். நம்ப முடியவில்லை. போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பாட்டை எழுதிப் பாடிய தினேஷ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். இணையத்தில் பழக்கம். மைதானத்துக்கு அவர் இதுவரை போனதே இல்லையாம். கூப்பிட்டதும் முதலில் மறுத்தார், பிறகு ஒரு பென் டிரைவோடு வந்தார். மதியம் 2.10க்குப் பட்டரவாக்கத்தில் மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், பதினைந்து நிமிஷத்தில் ஆவடி. வழியில்தான் விஷயத்தைச் சொன்னார்.

“அந்த வீடியோவுல பாத்தேன், அங்க போடுறது பாதிப் பாட்டு மேடம். ஒரு நிமிஷம் நாப்பத்தெட்டு செகண்டுல கட் ஆய்டும். அதுக்கப்புறம்தான் எங்க பேண்ட் அன்சாரோட டிரம்ஸே வருது. அவன் துபாய் போறான்னுதான் அந்தப் பாட்டையே எழுதுனேன். போய் நாலு வருஷம் ஆச்சு, ஒரு தபா கூட வர்ல. குச்சியக் கையால தொட்றதில்லயாம். இன்னிக்கு ஒரு கிரவுண்டே உன் டிரம்ஸக் கேக்கும்டான்னு சொல்லிட்டு வந்துகீறேன்.”

சொல்லிவிட்டு மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவடியிலிருந்து வெள்ளானூர் சுமார் ஏழு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு முப்பது ரூபாய். மைதானம் எங்கே என்று டிரைவரைக் கேட்டேன். “இன்னாமா, பாட்டு கேக்க வந்தியா, மேட்ச் பாக்க வந்தியா?” என்றார். பாட்டு என்றதும், “அப்ப கேலரில மேல ஏறி குந்து, பலக ஆடுதேன்னு பயந்துகினு கீழ எறங்கிடாத” என்று சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் அதை எழுதியவர் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் புது வில்லாக்கள், ஒரு பக்கம் மனை பிரித்து நட்ட கற்கள், நடுவில் மைதானம். சவுக்குக் கட்டைகளும் பலகையும் வைத்துக் கட்டிய கேலரி. எள் போட்டால் விழாத கூட்டம். உள்ளூர் அணிக்கும் பூந்தமல்லி பக்கத்து அணிக்கும் இறுதிப் போட்டி.

சவுண்டு சர்வீஸ்காரர் கஜா அண்ணன், பாட்டை எழுதியவர் இவர்தான் என்றதும் தினேஷைக் கட்டிப்பிடித்து டீ வாங்கிக் கொடுத்தார். பாதிப் பாட்டின் கதையும் அவர் வாயாலேயே வந்தது. யாரோ கொடுத்த பென் டிரைவ். ஃபைல் முழுசாகக் காப்பி ஆவதற்குள் இவர் அதைப் பிடுங்கிவிட்டார். முதல் தடவை போட்டபோது உள்ளூர் அணி இரண்டு பாயிண்ட் பின்னால், பாட்டு பொசுக்கென்று நின்றுவிட்டது. கேலரி சும்மா இருக்கவில்லை. பலகையில் தம் தம் என்று மிதித்துக்கொண்டே கேட்ட வரியையே திரும்பத் திரும்பப் பாடியது. அன்று அணி ஜெயித்தது. அவ்வளவுதான், அந்த அரைகுறை ஃபைல் அப்படியே சென்டிமென்ட் ஆகிவிட்டது!

முழுப் பாட்டையும் போடச் சொல்லித் தினேஷ் தன் பென் டிரைவை நீட்டியதும் கஜா அண்ணன் முகம் மாறியது. “தம்பி, உயிரக் கேளு, தர்றேன். சென்டிமென்ட்ல கை வெக்காத.” நான் விடுவேனா? கெஞ்சி, கொஞ்சி, கடைசியில் கோபித்துக்கொண்டு, இடைவேளையில் போட ஒப்புக்கொள்ள வைத்தேன்.

இடைவேளையில் தினேஷ் துபாய்க்குப் போன் போட்டார். அன்சாருக்கு நைட் ஷிஃப்ட், அறையில்தான் இருந்தார். பாட்டு தொடங்கியதும் நானூறு ஐந்நூறு பேர் எழுந்து பாடினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டாவது செகண்டில் எல்லாரும் மிதிக்கத் தொடங்கினார்கள். பாட்டு நிற்கவில்லை. டிரம்ஸ் ஒரு பக்கம் போக, மிதி இன்னொரு பக்கம் போக, எல்லாம் கந்தரகோளம். “அண்ணாத்தே, கட் பண்ணு! சென்டிமென்ட் போவுது!” என்று மேலிருந்து கத்தினார்கள். கஜா அண்ணன் சத்தத்தை அப்படியே இறக்கிவிட்டார்.

தினேஷ் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிதி மட்டும் நிற்கவில்லை. அப்போது ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து அன்சார் கத்தினார்:

“டேய், இன்னாடா இவ்ளோ ஸ்பீடு ஏத்துறானுங்க? யார்னா புடிச்சு நிறுத்தச் சொல்லுடா!”

தொடர்ந்து டக் டக் என்று ஒரு சத்தம். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறார் மனிதர்! கஜா அண்ணன் போனைப் பிடுங்கி மைக்கில் ஒட்டிவைத்தார். அந்தச் சத்தம் மைதானத்து எட்டு ஸ்பீக்கர் பாக்ஸிலும் இடியாக விழுந்தது. கேலரி ஒரு கணம் திணறி, பிறகு அதைப் பிடித்துக்கொண்டது. அவர் மெதுவாக்கினால் கேலரியும் மெதுவாக மிதித்தது, அவர் ஏற்றினால் அதுவும் ஏற்றியது. போனில் தாமதம் இருந்திருக்கும், யார் கவலைப்பட்டார்கள்? எத்தனையோ கச்சேரிகளுக்குக் காசு கொடுத்துப் போயிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

உள்ளூர் அணி இரண்டு பாயிண்டில் தோற்றது. எங்களைச் சிலர் முறைத்தார்கள், நியாயம்தான். கஜா அண்ணன் மட்டும் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “சென்டிமென்ட்தான் பூட்ச்சே, இனிமே ஃபுல்லாவே போடுறேன்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் போவதானால் மூன்று மணிக்கே இடம் பிடியுங்கள். நுழைவு இலவசம். தொப்பி, தண்ணீர் அவசியம். பெண்களுக்கு மைதானத்தில் கழிப்பறை இல்லை, ஆவடி ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ குறைவு. தனி ஆட்டோவுக்கு இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு வந்தார்கள். கேலரியில் சாதாரண ஷூ போதும், ஆனால் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்திலிருப்பவர் திட்டுவார்.

திரும்பும் ரயிலில் அண்ணனூர் தாண்டியதும் தினேஷுக்கு ஒரு மெசேஜ் வந்தது. படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

“லீவு கேட்டுட்டேன்டா. டிரம்ஸத் தொடச்சு வை.”